பானெட்டுக்குள் பாகங்களை இடம் மாற்றிய பின் வரும் கோளாறுகள்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

டர்போவுக்கு இடம் வேண்டும், பெரிய ரேடியேட்டர் உட்கார வேண்டும், அல்லது முன்பக்க எடை சற்றுக் குறைய வேண்டும். காரணம் எதுவாக இருந்தாலும் பேட்டரி டிக்கிக்குப் போய்விட்டது. கூலன்ட் பாட்டில் ஓரங்கட்டப்பட்டது. ஏர் ஃபில்டர் பம்பருக்குப் பின்னால் இறங்கிவிட்டது. வேலை முடிந்த அன்று வண்டி நன்றாகவே ஓடியது. சில நாள் கழித்து ஏதோ ஒன்று முரண்டு பிடிக்கிறது.

இந்தக் கட்டத்தில் பலரும் நகர்த்திய பாகத்தையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறார்கள். புதுப் பேட்டரி வாங்குகிறார்கள், செல்ஃப் மோட்டாரைக் கழற்றிக் கடைக்கு அனுப்புகிறார்கள், தெர்மோஸ்டாட்டை மாற்றுகிறார்கள். பேட்டரி டிக்கியில் இருப்பதில் தவறேதும் இல்லை. 1959இல் வந்த மினி காரிலேயே பேட்டரி பின்னால்தான் இருந்தது. மாஸ்டா எம்எக்ஸ்-5 காரின் முதல் இரண்டு தலைமுறைகளிலும் அப்படியே. பல பிஎம்டபிள்யூ கார்களிலும் அப்படியே. அங்கெல்லாம் பேட்டரியோடு சேர்த்து அதற்கான கேபிளையும் எர்த்தையும் (மின்சாரம் பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்பும் இணைப்பு) வாயுக் குழாயையும் கணக்குப் போட்டு வைத்தார்கள். வீட்டு வாசலில் செய்யும்போது பெட்டி மட்டும் நகர்கிறது. இடைவெளியைக் கையில் கிடைத்த வயர் நிரப்புகிறது. எனவே முதலில் சந்தேகிக்க வேண்டியவை நீட்டிய வயர், ஒட்டுப்போட்ட ஹோஸ், புதிய ஜாயின்ட், போட மறந்த எர்த் ஆகிய நான்கும்தான். பாகத்தை அப்புறம் பார்க்கலாம்.

கையில் ஒரு மல்டிமீட்டர், டார்ச், பழைய ஜம்ப்பர் கேபிள், முடிந்தால் கைப்பேசியோடு இணையும் ஒரு சிறிய ஸ்கேனர் இருந்தால் போதும். வயரில் கை வைக்கும் முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்டுங்கள். கீழே சொல்லும் எண்கள் 1.0 முதல் 1.3 லிட்டர் வரையுள்ள பெட்ரோல் எஞ்சின்களை மனத்தில் வைத்தவை.

செல்ஃப் மோட்டார் மெதுவாகச் சுற்றுகிறது, அல்லது 'டக்' என்று ஒரு சத்தத்தோடு நின்றுவிடுகிறது

பேட்டரியைப் பின்னால் கொண்டுபோனவர்களில் அதிகம் பேர் முட்டிக்கொள்ளும் இடம் இதுதான். எனவே நிதானமாகப் பார்ப்போம்.

வண்டியை நியூட்ரலில் வைத்துக் கைபிரேக்கைப் போடுங்கள். எஞ்சின் பிடித்துக்கொள்ளாமல் இருக்க ஃபியூயல் பம்ப் ஃபியூஸைக் கழற்றிவிடுங்கள். சில மணி நேரம் ஓடாமல் நின்ற வண்டியில் பேட்டரி முனைகளில் 12.6 வோல்ட் இருக்க வேண்டும். 12.4க்குக் கீழே இருந்தால் முதலில் சார்ஜ் ஏற்றுங்கள். அதற்குமுன் எந்தச் சோதனையும் பொய்தான் சொல்லும்.

அடுத்து, ஒருவர் சாவியைத் திருகும்போது மூன்று இடங்களில் அளக்க வேண்டும். முதலாவது, பேட்டரியின் இரண்டு முனைகளுக்கு நடுவே. இங்கே 10 வோல்ட்டுக்கு மேல் நின்றால் பேட்டரி நிரபராதி. 9.6க்குக் கீழே விழுந்தால் பேட்டரியே சோர்ந்திருக்கிறது. இரண்டாவது, பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கும் செல்ஃப் மோட்டாரின் தடித்த போல்ட்டுக்கும் நடுவே. இதற்கு மீட்டர் வயரை நீட்டிக்கொள்ள வேண்டியிருக்கும். எந்த மெல்லிய வயரும் ஆகும். இங்கே காட்டுவது கேபிளில் தொலைந்துபோகும் வோல்ட். அரை வோல்ட்டைத் தாண்டினால் கேபிளோ அதன் முனையில் மாட்டிய உலோகக் கண்ணியான லக்கோ சரியில்லை. மூன்றாவது, பேட்டரியின் நெகட்டிவுக்கும் எஞ்சின் பிளாக்கின் சுத்தமான உலோகத்துக்கும் நடுவே. 0.3 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் சரியில்லை.

பாசிட்டிவ் பக்கம் தவறு என்றால் கணக்கு எளிது. டிக்கியிலிருந்து பானெட் வரை வளைந்து நெளிந்து வர ஏறக்குறைய 5 மீட்டர் கேபிள் பிடிக்கும். செல்ஃப் மோட்டார் சுற்றும்போது 150 ஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொண்டால், 16 சதுர மி.மீ. செம்புக் கேபிளில் 0.8 வோல்ட் போய்விடும். 35 சதுர மி.மீ. என்றால் 0.37. 50 சதுர மி.மீ. என்றால் 0.26. மாடியில் தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தும் குழாய் ஒல்லியாக இருந்தால் கீழே சொட்டுவதைப் போலத்தான் இதுவும். என் கருத்தில் 35க்குக் கீழே யோசிக்கவே வேண்டாம்.

இங்கே ஒரு வம்பு உண்டு. கார் ஆம்ப்ளிஃபயருக்கென்று விற்கும் பளபளப்பான சிவப்புக் கேபிள்களில் பல, அலுமினியத்துக்கு மேலே செம்பு பூசியவை. அதே தடிமனுள்ள செம்பைவிட அவற்றின் மின்தடை ஏறக்குறைய ஒன்றரை மடங்குக்கு மேல். முனையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். வெள்ளை தெரிந்தால் அலுமினியம். வெல்டிங் மெஷினுக்குப் போடும் செம்புக் கேபிள் அழகாக இருக்காது, ஆனால் வேலை செய்யும்.

கேபிள் சரி, வோல்ட் மட்டும் தொலைகிறது என்றால் லக்கைப் பாருங்கள். சுத்தியலால் தட்டி நசுக்கிய லக் முதல் வாரம் பிடிக்கும், பிறகு தளரும். சாவியைச் சில நொடி திருகிய பின் ஒவ்வொரு லக்கையும் கையால் தொட்டுப் பாருங்கள்; எது சுடுகிறதோ அதுதான் ஆள். லக்கை அழுத்தி இறுக்கும் ஹைட்ராலிக் கிரிம்ப்பர் வைத்திருக்கும் மின்சாதனக் கடையில் சில நிமிட வேலை அது.

கிளச் கேபிளோ ஆக்ஸிலரேட்டர் கேபிளோ சூடாகிறது, இறுகுகிறது

நம்ப முடியாததாகத் தோன்றும், ஆனால் இதற்குக் காரணம் ஏறக்குறைய ஒன்றே ஒன்றுதான்: எஞ்சினுக்கு எர்த் இல்லை.

பழைய இடத்தில் பேட்டரியின் நெகட்டிவ் கேபிளுக்கு இரண்டு வால்கள் இருந்திருக்கும். ஒன்று பாடிக்கு, மற்றொன்று கியர்பாக்ஸுக்கு. பேட்டரியை எடுக்கும்போது இரண்டும் சேர்ந்து போய்விடுகின்றன. டிக்கியில் பாடிக்கு எர்த் கொடுத்துவிட்டீர்கள். ஆனால் எஞ்சின் ரப்பர் மவுன்ட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. செல்ஃப் மோட்டாரின் மின்சாரம் பாடிக்குத் திரும்ப வேறு வழி இல்லாமல், எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் எந்த உலோகமும் ஆகட்டும் என்று கிளச் கேபிளுக்குள் பாய்கிறது. கேபிளின் உறை உருகி உள்ளே ஒட்டிக்கொள்ளும்.

சோதிக்க, ஜம்ப்பர் கேபிளின் ஒரு முனையை எஞ்சின் பிளாக்கிலும் மறுமுனையை பானெட்டுக்குள் பெயின்ட் இல்லாத பாடி உலோகத்திலும் கவ்வுங்கள். செல்ஃப் மோட்டார் சட்டென்று துடிப்பாகச் சுற்றினால் தீர்ப்பு கிடைத்துவிட்டது. பாசிட்டிவ் கேபிளின் தடிமனிலேயே எஞ்சினுக்கும் பாடிக்கும் ஒரு பட்டையைப் போடுங்கள்.

டிக்கியில் எர்த் கொடுக்கும் இடத்தில் பெயின்ட்டை உலோகம் மின்னும்வரை சுரண்டி, பல் வைத்த வாஷரோடு போல்ட்டை இறுக்கி, பிறகு மேலே கிரீஸோ பெயின்ட்டோ பூசுங்கள். சீட் பெல்ட் போல்ட்டை எர்த்துக்குப் பயன்படுத்தாதீர்கள். தயாராக இருக்கும் நல்ல போல்ட்தான், ஆனால் அதன் வேலை வேறு.

பேட்டரி ஓரிரவில் இறங்குகிறது, அல்லது டிக்கியில் அழுகிய முட்டை வாடை

எஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டரின் பின்புறப் போல்ட்டிலும் டிக்கியில் பேட்டரி முனையிலும் அளங்கள். முன்னால் 14.2, பின்னால் 14 என்றால் எல்லாம் ஒழுங்கு. பின்னால் 13.4 என்றால் வழியில் ஒரு ஜாயின்ட் தின்கிறது. மேலே சொன்ன கேபிள் சோதனைக்கே திரும்புங்கள். புதிய கார்களில் நெகட்டிவ் முனையில் ஒரு சிறிய கரன்ட் சென்சார் இருக்கும். கூடுதல் எர்த் எல்லாம் அந்தச் சென்சாரைத் தாண்டி, பாடியிலிருந்துதான் எடுக்கப்பட வேண்டும். நேரே பேட்டரி முனையிலேயே மாட்டினால் போகிற வருகிற மின்சாரத்தை வண்டியின் கம்ப்யூட்டர் பார்க்காது. சார்ஜைத் தவறாகக் கணக்கிடும்.

இரவில் இறங்குவதற்கு, வண்டியைப் பூட்டி அரை மணி நேரம் உறங்கவிட்டு, நெகட்டிவ் கேபிளுக்கு நடுவே 10 ஆம்பியர் நிலையில் மீட்டரை வையுங்கள். 50 மில்லிஆம்பியருக்குள் இருந்தால் சரி. மீட்டர் இணைந்திருக்கும்போது மறந்தும் சாவியைத் திருகாதீர்கள். உள்ளேயுள்ள ஃபியூஸ் போய்விடும்.

அழுகிய முட்டை வாடை வேறு விஷயம், அது அவசரம். பேட்டரி அளவுக்கு மீறி சார்ஜ் ஆகிறது. பேட்டரியின் வோல்ட்டை ஆல்டர்னேட்டருக்குச் சொல்லும் சென்ஸ் வயரை நீட்டியபோது ஜாயின்ட் பலவீனமாகிவிட்டால், பேட்டரியில் வோல்ட் குறைவு என்று ரெகுலேட்டர் நினைத்துக்கொண்டு மேலும் மேலும் ஏற்றும். ஹெட்லைட் பல்புகள் அடிக்கடி போனால் அதுவும் இதே கதைதான். டிக்கியைத் திறந்து காற்றோட விடுங்கள், பிறகுதான் மற்றது. சார்ஜ் ஆகும்போது வெளிவரும் ஹைட்ரஜன் காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பிடிக்கக்கூடியது. சாதாரணத் திரவ பேட்டரியை மூடிய டிக்கியில் வைத்தால், வாயுவை வண்டிக்கு வெளியே இறக்கும் குழாய் கட்டாயம். குழாய் மாட்ட வாய் இல்லாத பேட்டரி என்றால் அது டிக்கிக்கான பேட்டரி அல்ல.

பேட்டரியின் கட்-ஆஃப் சுவிட்சை அணைத்தும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கிறது

பேட்டரியைத் துண்டித்தாலும் ஆல்டர்னேட்டர் முன்னாலிருந்தே எஞ்சினுக்கு ஊட்டுகிறது. இக்னிஷனையும் சேர்த்துத் துண்டிக்கும் கூடுதல் முனைகள் கொண்ட சுவிட்ச் போடுங்கள். தடித்த இரண்டு முனைகள் மட்டும் உள்ள சுவிட்சை ஓடும் எஞ்சினில் அணைத்தால் ஆல்டர்னேட்டரின் டயோடுகளுக்கும் ஆபத்து.

கேபிள் கருகும் வாடை, அல்லது தரைவிரிப்புக்கு அடியில் கறுத்த தடம்

ஓட்டாதீர்கள். நெகட்டிவைக் கழற்றிவிட்டு கேபிளை முழுநீளத்துக்கும் கையால் தடவிப் பாருங்கள். தகட்டில் போட்ட ஓட்டையின் விளிம்பில் ரப்பர் வளையம் (குரோமெட்) இல்லாத இடம், சீட் தண்டவாளம் அழுத்தும் இடம், புகைபோக்கிக்கு அருகே போகும் இடம் ஆகிய மூன்றில் ஒன்றில் உறை கிழிந்திருக்கும். பெட்ரோல் குழாய் போகும் அதே பக்கத்தில் கேபிளைக் கொண்டுபோயிருந்தால் மறுபக்கத்துக்கு மாற்றுங்கள்.

ஃபியூஸ் எங்கே இருக்கிறது? பானெட்டுக்குள் என்றால் அதனால் பயனில்லை. பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வரை உள்ள கேபிளைக் காக்க எவரும் இல்லை. எனவே ஃபியூஸ் டிக்கியிலேயே, பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். செல்ஃப் மோட்டாரின் முதல் இழுப்பைத் தாங்கும் மெதுவகை ஃபியூஸ், 35 சதுர மி.மீ. கேபிளுக்கு 200 முதல் 250 ஆம்பியர். இந்த ஒன்றில் மட்டும் எவர் சொன்னாலும் சமரசம் வேண்டாம். விபத்தில் பின்பக்கம் நசுங்கினால் பேட்டரியின் முழுச் சக்தியும் பாடியில் பாயும். அப்போது குறுக்கே நிற்பது இந்தத் துண்டு உலோகம் மட்டுமே.

சட்டத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. பேட்டரி இருக்கும் இடம் பதிவுச் சான்றில் இல்லைதான். ஆனால் தீப்பிடித்த பிறகு இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து பார்க்கும்போது அந்த நுணுக்கம் கைகொடுக்கும் என்று நம்பாதீர்கள். முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

டெம்பரேச்சர் முள் ஏறுகிறது

எப்போது ஏறுகிறது என்பதுதான் முதல் கேள்வி. சிக்னலில் நிற்கும்போது மட்டும் ஏறி, ஓடத் தொடங்கியதும் இறங்கினால் ஃபேன். ஒல்லியான ஃபேன் வாங்கி ரேடியேட்டரின் முன்புறம் மாற்றியவர்கள், அது காற்றை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று ஒரு காகிதத்தைப் பிடித்துப் பாருங்கள். இரண்டு வயர்களும் மாறிப்போனால் ஓடும் வண்டியின் காற்றோடு ஃபேன் மல்லுக்கு நிற்கும். நெடுஞ்சாலையில் வேகத்தில் ஏறுகிறது என்றால் ரேடியேட்டருக்கு வரும் காற்றை, அங்கே இங்கே நகர்த்திய ஏதோ ஒன்று மறைக்கிறது. முள் ஏறியும் இறங்கியும் ஊசலாடுகிறது, ஹீட்டரைப் போட்டால் குளிர்ந்த காற்று வருகிறது, டாஷ்போர்டுக்குப் பின்னால் களகளவென்று சத்தம் என்றால் உள்ளே காற்று சிக்கியிருக்கிறது. அதற்குப் பெரும்பாலும் இடம் மாறிய பாட்டில்தான் காரணம்.

பாட்டிலில் இரண்டு சாதி உண்டு. எது உங்களுடையது என்று தெரியாமல் நகர்த்தியிருந்தால் பிரச்சினை வந்தே தீரும். அழுத்த மூடி ரேடியேட்டர் மேலேயே இருந்தால், பாட்டில் வெறும் வடிகால் தொட்டி. சூடாகும்போது கூலன்ட் அதற்குள் போகும். ஆறும்போது ரேடியேட்டர் அதைத் திரும்ப உறிஞ்சும். இந்த வகையில் பாட்டிலின் உயரம் பெரிய விஷயமல்ல. ஹோஸின் முனை பாட்டிலின் அடியில் திரவத்துக்குள் மூழ்கியிருக்க வேண்டும், நடுவே எங்கும் காற்று புகக் கூடாது. காலையில், எஞ்சின் நன்றாக ஆறிய பின் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். பாட்டில் நிறைந்தும் ரேடியேட்டர் குறைந்தும் இருந்தால் உறிஞ்சல் தோற்கிறது: நீட்டிய ஹோஸின் ஜாயின்டில் கிளாம்ப் தளர்ந்திருக்கும், அல்லது மூடியின் நடுவிலுள்ள சின்ன வால்வு ஒட்டிக்கொண்டிருக்கும்.

அழுத்த மூடி பாட்டிலின் மேலேயே இருந்தால் அது வேறு சாதி. முழு அமைப்பிலும் அதுவே உச்சியில் இருக்க வேண்டும். எஞ்சினிலிருந்து வரும் மெல்லிய ஹோஸ் வழியில் எங்கும் பள்ளமாகத் தொங்காமல் ஏறிக்கொண்டே போக வேண்டும். தொங்கும் இடத்தில் திரவம் தேங்கிக் காற்றின் பாதையை அடைக்கும். பாட்டிலைக் கீழே இறக்கி ஓரத்தில் மறைத்துவிட்டு, காற்றை எவ்வளவு வெளியேற்றினாலும் அது மறுபடி சேரும். பானெட் மூடுகிறதா என்று பார்த்துக்கொண்டு பாட்டிலை மேலே ஏற்றுங்கள். வண்டியின் மூக்கை மேட்டில் நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து நிரப்புங்கள். சூடான எஞ்சினில் மூடியைத் திறக்கவே கூடாது. 1.1 பார் மூடிக்குக் கீழே தண்ணீர் ஏறக்குறைய 121 டிகிரி வரை கொதிக்காமல் நிற்கும். திறந்த நொடியில் அது ஆவியாகி முகத்துக்கு வரும்.

ஐடிலிங் ஏறி இறங்குகிறது, பிக்கப் இல்லை, பெட்ரோல் அதிகம் குடிக்கிறது

ஏர் ஃபில்டரை நகர்த்திய பின் வரும் இந்தக் கோளாறில், உங்கள் கார் காற்றை எப்படி அளக்கிறது என்பதே வழியைப் பிரிக்கிறது.

காற்றுக்குழாயில், உள்ளே போகும் காற்றின் அளவைக் கணக்கிடும் எம்.ஏ.எஃப். சென்சார் இருந்தால், கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டிக் குறைக்கிறது என்று காட்டும் ஃபியூயல் ட்ரிம்மை ஸ்கேனரில் பாருங்கள். ஐடிலிங்கில் 15, 20 என்று கூட்டலில் நின்று, நிமிடத்துக்கு 2500 சுற்றுகளில் பூஜ்யத்தை நெருங்கினால் சென்சாருக்கும் எஞ்சினுக்கும் நடுவே எங்கோ காற்று ஒழுகி உள்ளே வருகிறது. எஞ்சின் ஓடும்போது ஜாயின்ட்டுகளில் தண்ணீரை மெல்லத் தெளியுங்கள். ஐடிலிங் மாறும் இடம் ஒழுகும் இடம். எஞ்சினுக்குள் சேரும் எண்ணெய்ப் புகையை வெளியே எடுக்கும் ஹோஸ் பழைய ஃபில்டர் பெட்டியில் போய்ச் சேர்ந்த இடத்தையும் பாருங்கள். பெட்டியைத் தூக்கி எறிந்தபோது அது அநாதையாகியிருக்கும்.

எல்லா வேகத்திலும் ட்ரிம் கூட்டலிலேயே இருந்தால் ஒழுகல் அல்ல, குழாயின் விட்டம். 60 மி.மீ. குழாயில் இருந்த சென்சாரை 70 மி.மீ. குழாயில் பொருத்தினால் பரப்பு 1.36 மடங்காகிறது; போகும் காற்றில் முக்கால்வாசியைக்கூடச் சென்சார் காணாது. வளைவை ஒட்டிப் பொருத்தினாலும் அளவு தாறுமாறாகும். பழைய விட்டமும் அதன் முன்னால் ஒரு நேரான துண்டும் வேண்டும்.

மேனிஃபோல்டில் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரிக்கும் குழாய்) அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் மட்டுமுள்ள கார்களில் இந்தத் தொல்லை கிடையாது. அங்கே பழைய பெட்டியில் குத்தியிருந்த காற்று வெப்பச் சென்சார் எங்கே தொங்குகிறது என்று தேடுங்கள். எஞ்சினின் சூட்டில் தொங்கினால் கம்ப்யூட்டர் ஸ்பார்க் வரும் நேரத்தைத் தாமதப்படுத்தும், பிக்கப் போகும். மேப் சென்சாரையே நகர்த்தியிருந்தால், மேனிஃபோல்டைவிட உயரத்தில், முடிந்தவரை குட்டை ஹோஸில் வையுங்கள். இல்லையென்றால் ஹோஸில் பெட்ரோல் ஈரம் தேங்கும்.

மழைத் தண்ணீரில் சட்டென்று நின்றுவிட்டது

மறுபடி சாவியைத் திருகாதீர்கள். பம்பருக்குப் பின்னால் இறக்கிய ஃபில்டர் தண்ணீரை உறிஞ்சியிருக்கலாம். தண்ணீரை அமுக்க முடியாது; கனெக்டிங் ராடு வளையும். வண்டியைத் தள்ளி மேட்டுக்குக் கொண்டுபோய், ஃபில்டர் நனைந்திருந்தால் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, தண்ணீரை வெளியேற்றிய பிறகுதான் மற்ற எல்லாம். நவம்பர் மாதச் சென்னையில் ஓட்டும் வண்டிக்கு அந்த இடத்தில் ஃபில்டரை நான் வைக்க மாட்டேன். ஓரிரு குதிரைத்திறனுக்காக எஞ்சினையே பணயம் வைக்கிற பேரம் அது.

பிரேக் பெடல் கல்லாக இருக்கிறது

ஓட்டிப் பார்த்துச் சோதிக்க வேண்டாம். எஞ்சினை நிறுத்திப் பெடலைப் பலமுறை மிதித்து இறுகச் செய்யுங்கள். மிதித்தபடியே எஞ்சினைக் கிளப்புங்கள். பெடல் சற்று இறங்க வேண்டும். இறங்காவிட்டால், பிரேக்கை மிதிக்க உதவும் பூஸ்டருக்குப் போகும் வாக்குவம் ஹோஸ் நசுங்கியிருக்கிறது, ஒழுகுகிறது, அல்லது ஒருவழி வால்வு தலைகீழாக இருக்கிறது. தண்ணீருக்கான சாதாரண ரப்பர் ஹோஸ் உறிஞ்சலில் சப்பையாகிவிடும். வாக்குவத்துக்கென்றே செய்த ஹோஸ் வேண்டும்.

சில்லறைத் தொந்தரவுகளையும் முடித்துவிடுவோம். பவர் ஸ்டீயரிங் முனகினால் அதன் எண்ணெய்த் தொட்டி பம்பைவிடத் தாழ்ந்திருக்கிறது; எண்ணெயில் நுரை தெரியும். வைப்பர் தண்ணீர் தானாகச் சொட்டினால் ஹோஸில் ஒருவழி வால்வு போடுங்கள். மழைக்குப் பின் ஹார்ன் கரகரத்தால் அதன் வாய் மேலே பார்க்கிறது.

மேட்டுப்பள்ளத்தில் எஞ்சின் ஒரு நொடி விட்டுப்பிடிக்கிறது

பிடிபடாமல் போக்குக் காட்டும் கோளாறு இது. ஃபியூஸ் பெட்டியையோ கம்ப்யூட்டரையோ நகர்த்த வயரிங்கை நீட்டியிருந்தால், எஞ்சினை ஐடிலிங்கில் விட்டு, ஒவ்வொரு ஜாயின்டாக மெல்ல அசைத்துப் பாருங்கள். முதலில் எஞ்சினின் சுழற்சியை அளக்கும் கிராங்க் சென்சாரின் வயர். அதற்கு மேலே ஒரு வலை உறை இருந்திருக்கும். நீட்டும்போது அதையும் தொடர வேண்டும், ஆனால் ஒரு முனையில் மட்டுமே எர்த் கொடுக்க வேண்டும். ஆல்டர்னேட்டர் கேபிளோடு சேர்த்துக் கட்டியிருந்தால் பிரித்துத் தனியே கொண்டுபோங்கள். முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட் எதுவாக இருந்தாலும், அசைக்கும்போது ஒன்றும் ஆகாவிட்டாலும் அவிழ்த்து, கிரிம்ப் செய்து, சூட்டில் சுருங்கும் குழாய் போட்டுவிடுங்கள். எஞ்சின் சூட்டில் டேப்பின் பசை இளகும். குளிர்ந்த எஞ்சினில் அசைத்துப் பார்த்து எதுவும் அகப்படாமல் போவதற்கு அதுவே காரணம். ஆகவே இந்தச் சோதனையை வண்டி ஓடி வந்து நின்ற உடனே செய்யுங்கள், ஃபேனிலிருந்து கையைத் தள்ளி வைத்துக்கொண்டு.